தொட்டித் தண்ணீரில் நெளிவது என்ன புழு? வால் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

மழை விட்டால் ஆட்டுக்கல் குழி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, சிமெண்ட் தொட்டி என்று எதில் பார்த்தாலும் ஏதாவது நெளியும். எல்லாமே கொசுப்புழு அல்ல. கொசுப்புழுவிலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் மூன்றையும் வால் நுனியை வைத்துப் பிரித்துவிடலாம். நிறத்தை நம்ப வேண்டாம். தின்ற தீனிக்கேற்ப அது மாறும்.

எடுத்து வைக்க வேண்டியவை: வெள்ளைப் பீங்கான் கிண்ணம் அல்லது வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, நீளக் கைப்பிடிக் கரண்டி, டிராப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்தான் என் முதல் தேர்வு. படம் எடுத்துவிட்டால் புழு நகர்ந்தாலும் நிதானமாக அளக்கலாம். டீ வடிகட்டியால் அள்ளினால் புழுவின் மயிர்கள் ஒடிந்துபோகும்.

1. அள்ளுவது. உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி நில்லுங்கள். நிழல் பட்டாலோ தொட்டி அதிர்ந்தாலோ கொசுப்புழு அடியில் போய்விடும். அப்படி ஆனால் 3 நிமிடம் அசையாமல் காத்திருங்கள். பிறகு ஓரமாகக் கரண்டியைச் சாய்த்து ஒரே வீச்சில் அள்ளுங்கள். கிணற்றுக்கும் மாடித் தொட்டிக்கும் கயிறு கட்டிய வாளி போதும்.

2. கால் இருக்கிறதா? ஆறு கால் தெரிந்தால் அது கொசு இல்லை. பெரிய கண்ணும் தடித்த உடலும் இருந்தால் தட்டானின் குஞ்சு. வால் நுனியில் மூன்று இலை போல விரிந்திருந்தால் ஊசித்தட்டான். இரண்டுமே கொசுப்புழுவைத் தின்பவை. தயவுசெய்து திரும்ப விட்டுவிடுங்கள்.

ரத்தச் சிவப்பாக, எட்டு போட்டது போல் துள்ளினால் கைரோனோமிட் புழு. அதன் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. பிராணவாயு குறைந்த சேற்றிலும் அது பிழைப்பதும் அதனால்தான். வளர்ந்தாலும் கடிக்காது. மாடித் தொட்டியில் இது தெரிந்தால் அடியில் வண்டல் படிந்திருக்கிறது, கழுவ வேண்டும்.

3. வால் நுனி. பலரும் தடுமாறும் இடம் இது. கிண்ணத்தை அசைக்காமல் வைத்து, புழு மேலே வரும்வரை பொறுங்கள். நீர்மட்டத்தோடு படுக்கையாக மிதந்தால் அனோபிலிஸ். அதற்குச் சுவாசக் குழாய் கிடையாது. தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ்.

ஏடிஸ் செங்குத்தாகவும் கியூலெக்ஸ் சாய்வாகவும் தொங்கும் என்பார்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சின்னக் கிண்ணத்தில் சாய்வு ஏமாற்றும். குழாயை அளப்பதே உறுதி. வால் பக்கம் கவட்டை போல இரண்டாகப் பிரியும். கறுத்து, நுனி நீர்மட்டத்தைத் தொடுவதுதான் சுவாசக் குழாய். வெளிறி, நுனியில் கண்ணாடி போன்ற நான்கு சிற்றிலைகள் உள்ளது உடலின் கடைசிக் கண்டம் (துண்டு). அதை அளந்துவிட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழாயின் நீளம் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக, கட்டையாக இருந்தால் ஏடிஸ். நான்கைந்து மடங்காக ஒல்லியாக நீண்டால் கியூலெக்ஸ். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுப்புழுவை அளக்காதீர்கள்; இரண்டு நாள் வளரட்டும்.

டயரில் மற்றவற்றைவிடப் பெரிதாக, செங்கருமையாக ஒன்று தனித்துத் தெரிந்தால் டாக்சோரிங்கைட்டிஸாக இருக்கலாம். அது பிற கொசுப்புழுக்களைத் தின்னும். வளர்ந்த பிறகு தேன் மட்டுமே குடிக்கும்.

4. சந்தேகம் தீரவில்லையா? புழுவை அதே தண்ணீரோடு ஒரு பாட்டிலில் பாதிவரை விட்டு, வாயில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். கமா வடிவக் கூட்டுப்புழு ஆனதும் சுமார் இரண்டு நாளில் கொசு வெளிவரும். பாட்டிலை ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்துவிட்டுப் பாருங்கள். முதுகில் வளைந்த வெள்ளைக் கோடுகள் யாழ் வடிவில் இருந்தால் ஏடிஸ் எஜிப்டை; நடுவில் ஒரே நேர்கோடு என்றால் ஏடிஸ் அல்போபிக்டஸ். இறக்கையில் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அனோபிலிஸ்.

புழுவையே பத்திரப்படுத்த நினைத்தால் முதலில் சூடான தண்ணீரில் போட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கறுத்து, அடையாளம் தெரியாமல் போகும்.

பார்த்து முடித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். ஏடிஸ் என்று தெரிந்தால் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். நார் பிரஷ்ஷால் உட்சுவரை வாய்விளிம்புவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் மண்ணில் கொட்டிவிட்டு, அதன் பிறகு நிரப்பி இறுக மூடுங்கள்.