தண்ணீரில் அளந்த துகளை நம்பாதீர்கள்: நானோ மருந்து லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை எட்டரைக்கு சிங்கப்பூரின் புவன விஸ்தா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில் நிறையப் பேர் கழுத்தில் ஏதாவது ஒரு லேப் அட்டை தொங்கும், தமிழ் முகங்களும் கணிசமாக உண்டு. நானோ துகளில் மருந்தை ஏற்றி உடம்புக்குள் அனுப்பும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, பாலிடெக்னிக்கிலிருந்து இன்டர்ன்ஷிப் வந்தவர்களையும் சேர்த்துத்தான், இதை எழுதுகிறேன். இதில் பாதி நானே செய்த தவறுகள்.

துகளின் அளவை ஒளி கொண்டு அளக்கும் டிஎல்எஸ் மெஷின் காட்டும் எண்ணை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள். அது துகளைப் பார்ப்பதில்லை, துகள் சிதறடிக்கும் ஒளியைத்தான் பார்க்கிறது. அந்த ஒளியோ விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும்: 10 நானோமீட்டர் துகளைவிட 100 நானோமீட்டர் துகள் ஒன்று கிட்டத்தட்ட 10 லட்சம் மடங்கு அதிகம் சிதறடிக்கும். வீணைக் கச்சேரிக்கு நடுவே ஒருவர் தவிலைத் தட்டினால் எது காதில் விழும்? அந்தக் கதைதான். துகள்கள் கொஞ்சம் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்திருந்தாலோ தூசி விழுந்திருந்தாலோ சராசரி எகிறிவிடும். துகள்களின் அளவு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று காட்டும் பிடிஐ 0.2-ஐத் தாண்டினால் சராசரியை விட்டுவிட்டு முழு வரைபடத்தையும் பாருங்கள், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படமும் ஒன்று எடுத்து வையுங்கள்.

சரி, அளவு நன்றாக வந்துவிட்டது. எதில் அளந்தீர்கள்? தண்ணீரில். மருந்து போகப்போவது ரத்தத்தில். உள்ளே போன சில நிமிடங்களிலேயே புரதங்கள் துகளைப் போர்த்திக்கொள்ளும். அளவு மாறும், மின்னூட்டம் மாறும், புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்கட்டும் என்று மாதக்கணக்கில் பாடுபட்டு ஒட்டிய மூலக்கூறு அந்தப் போர்வைக்கு அடியில் போய்விடும். 37 டிகிரியில் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் திரவத்தில், ஊறவைத்து, ஒரு மணி நேரத்திலும் மறுநாளும் அளந்து பாருங்கள். வெறும் சீரத்தையும் தனியாக அளக்க மறக்காதீர்கள், அதிலுள்ள புரதமும் ஒளியைச் சிதறடிக்கும்.

அடுத்தது என் சொந்தக் கதை. நைல் ரெட் சாயம் ஏற்றிய துகளைச் செல்லில் விட்டேன், அரை மணி நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் எல்லாச் செல்லும் தீபாவளிக்கு முந்தைய நம்ம லிட்டில் இந்தியா தேக்கா மாதிரி ஜொலித்தது. படத்தை உடனே சீனியர் அக்காவுக்கு அனுப்பினேன். "வெறும் சாயத்தை மட்டும் விட்டுப் பார்த்தியா?" என்று ஒரே வரியில் பதில். பார்த்தேன், அதே ஜொலிப்பு! சாயம் துகளிலிருந்து கசிந்து செல்லின் கொழுப்புக்குள் குடியேறியிருக்கிறது, துகள் வெளியிலேயே நின்றிருக்கலாம். மூன்று வாரப் படங்கள் குப்பைக்குப் போயின. சாயத்தைத் துகளோடு வேதிப் பிணைப்பில் கட்டுங்கள், முடியாவிட்டால் சாயத்தை மட்டும் விட்ட கிணறு (செல் வளர்க்கும் தட்டிலுள்ள சிறு குழி) ஒன்று எல்லாத் தட்டிலும் இருக்கட்டும்.

எலியில் புற்றுக் கட்டி சுருங்கியதும் மனிதனுக்கும் ஆகும் என்று துள்ள வேண்டாம். எலிக் கட்டி சில வாரங்களில் அவசரமாக வளர்வது, ரத்தக் குழாய் ஓட்டையாக இருக்கும், துகள் எளிதாக ஒழுகி உள்ளே போகும். அப்படியும் பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த அலசலில், செலுத்திய அளவில் கட்டிக்குள் சேர்ந்தது இடைநிலை மதிப்பில் வெறும் 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடுகிறது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில் என்ற புற்றுநோய் நானோ மருந்துகூடப் பெயர் வாங்கியது முக்கியமாக இதயத்துக்கு வரும் பாதிப்பைக் குறைத்ததால்தான்.

கடைசியாக எண்டோடாக்சின். அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் பாக்டீரியாவின் சுவரிலிருந்து உதிர்ந்த இந்த நஞ்சு அப்படியே கிடக்கும், கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால்தான் போகும். விட்டுவிட்டால் எலிக்கு அழற்சி வரும், பழி உங்கள் துகள் மேல் விழும். இதைச் சோதிக்க லாட நண்டின் ரத்தம்தான் பயன்பட்டு வந்தது. நம் சதுப்புநிலக் கரைகளில் ஊரும் லாட நண்டின் மரபணுவை எடுத்து, ரத்தமே தேவைப்படாத சோதனைக்கு 1990களில் வழி செய்தவர்கள் இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும். கிட் இருக்கிறது, போடுங்கள். ஆனால் துகளே சோதனையைக் குழப்பலாம் என்பதால், தெரிந்த அளவு எண்டோடாக்சினை மாதிரியில் கலந்து, அதே அளவு திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகு எலிக்கூண்டுப் பக்கம் போங்கள்.