ஒரே பெயர், இரண்டு கப்பல்: கடற்படைக் கப்பல்களைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில், பாடாங் கோத்தாவின் கடலோரச் சுவரில் கப்பல்களைப் படமெடுக்கக் கேமராவோடு நிற்கும் நம் பிள்ளைகள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். பொறுமையாகக் காத்திருந்து நல்ல படம் எடுக்கிறார்கள். படத்தில் குறை இல்லை. படத்துக்குக் கீழே எழுதும் இரண்டு வரியில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. கை ஆடுவது, அடிவானம் சாய்வது போன்ற தவறுகளை இங்கே எடுக்கவில்லை. அவை பழகப் பழகத் தானே போய்விடும். குறிப்பில் ஏறிய தவறு அப்படிப் போகாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போடுவார், அதைப் பார்த்துப் பள்ளிக் கண்காட்சிக்குப் பலகை செய்வார்கள், பத்து வருடம் கழித்து அதுவே ஆதாரமாக நிற்கும்.

வெள்ளைக் கப்பலைக் கடற்படை என்று எழுதுவது

சாம்பல் நிற உடல், பெயருக்கு முன்னால் கேடி, அதாவது கப்பால் டிராஜா: இது அரச மலேசியக் கடற்படை. வெள்ளை உடல், பெயருக்கு முன்னால் கேஎம், அதாவது கப்பால் மாரித்திம்: இது கடல்சார் அமலாக்க நிறுவனம். 2004-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2005 நவம்பர் 30 முதல் இயங்கும் தனி அமைப்பு. பத்து ஊபான் பக்கம் நிற்பவர்கள் கண்ணில் கடற்படையைவிட மரின் போலீசும் கேஎம் படகுகளும்தான் அதிகம் படும்.

எண்ணைப் பார்த்தாலும் பிரிக்கலாம். கேஎம் கப்பல்களின் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கப்பலின் நீளத்தை மீட்டரில் சொல்லும். பெரிய கப்பல்களில் கடைசி இரண்டு வரிசை எண். லங்காவி 7501, பங்கி 7502, பெக்கான் 9203, ஆராவ் 8704, துன் பாத்திமா 8305. வரிசையாக வைத்துப் பார்த்தால் 01 முதல் 05 வரை தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லங்காவியும் பங்கியும் முதலில் கடற்படையில் முஸ்தாரி, மாரிக் என்ற பெயரில் ஓடிய ரோந்துக் கப்பல்கள். அமலாக்க நிறுவனம் தொடங்கிய காலத்தில் கைமாறின. 1990-களில் எடுத்த படத்துக்கு "கேஎம் லங்காவி" என்று தலைப்பு வைத்தால் தவறு. படம் எடுத்த நாளில் கப்பல் யார் கையில் இருந்ததோ, அந்தப் பெயரே தலைப்பு. பின்னால் என்ன ஆனது என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். கடற்படையில் ஸ்ரீ லங்காவி என்று வேறொரு கப்பல் இருந்தது. 1971-ல் அமெரிக்காவிடமிருந்து வந்த தரையிறக்கக் கப்பல் அது. இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெயரை மட்டும் வைத்து வரலாறு எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சல் தருவதும் இதுதான். நம் கடற்படை சின்னது, பெயர்களைப் போற்றி வைத்திருப்பது. ஒரு கப்பல் ஓய்வு பெற்றால் அதன் பெயரைப் புதுக் கப்பலுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இங்கே பெயர் கப்பலின் அடையாளம் ஆகாது. பெயர், எண், சேவையில் சேர்ந்த ஆண்டு மூன்றும் சேர்ந்தால்தான் அடையாளம்.

எவ்வளவு மோசமாகக் குழம்பும் என்பதற்கு பெண்டெக்காரைப் பாருங்கள். 1967-ல் இங்கிலாந்தின் வோஸ்பர் நிறுவனத்திடமிருந்து நான்கு வேகப் படகுகள் வந்தன: பெர்காசா, ஹண்டாலான், கெம்பித்தா, பெண்டெக்கார். மர உடல், மூன்று புரோட்டியஸ் எரிவாயுச் சுழலிகள், 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) வேகத்துக்கு மேல், டார்பிடோக்கள். ஒரே வடிவில் கட்டிய கப்பல்களை ஒரு வகுப்பு என்பார்கள்; முதல் படகின் பெயரால் இது பெர்காசா வகுப்பு. 1979-ல் சுவீடனின் கார்ல்ஸ்குரோனா தளத்திலிருந்து வேறு நான்கு படகுகள் வந்தன: ஹண்டாலான் 3511, பெர்காசா 3512, பெண்டெக்கார் 3513, கெம்பித்தா 3514. எஃகு உடல், டீசல் இயந்திரங்கள், முன்னால் 57 மில்லிமீட்டர் பீரங்கி, பின்னால் 40 மில்லிமீட்டர், எக்சோசெட் ஏவுகணை. இது ஹண்டாலான் வகுப்பு. நான்கு பெயரும் அப்படியே, வரிசை மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே பெர்காசா வகுப்பிலும் ஒரு ஹண்டாலான், ஹண்டாலான் வகுப்பிலும் ஒரு பெர்காசா.

2024 ஆகஸ்ட் 25 அன்று ஜொகூரின் தஞ்சோங் பென்யூசோப் அருகே மூழ்கியது 3513. அதில் இருந்த 39 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அந்தப் படகைப் பற்றி எழுதும்போது வோஸ்பர் படகின் டார்பிடோவையும் வேகத்தையும் கொண்டுவந்து ஒட்டினால், 34 நாட் வேக டீசல் படகை 50 நாட் வேகத்தில் ஓட்டியது போல ஆகிவிடும். விபத்தைப் பற்றிய செய்தியில் வேகமும் உடலின் பொருளும் வெறும் அலங்காரத் தகவல் அல்ல. தண்ணீருக்கு அடியில் எதுவோ மோதி நீர் புகுந்தது என்று படிக்கிறவர் "மரப் படகுதானே" என்று நினைத்துக்கொள்வார். அது எஃகு.

கண்ணிவெடி அகற்றும் கப்பல்களிலும் இதே கதை. 1960-களில் பிரிட்டிஷ் கடற்படையின் டன் வகுப்புக் கப்பல்கள் ஆறு நமக்கு வந்தன: மஹாமேரு, லேடாங், ஜெராய், கினாபாலு, தாஹான், பிரிஞ்சாங். மர உடல். 1985-ல் இத்தாலியில் கட்டிய நான்கு புதிய கப்பல்கள் சேர்ந்தன, கண்ணாடியிழை உடலோடு: மஹாமேரு 11, ஜெராய் 12, லேடாங் 13, கினாபாலு 14. மறுபடியும் அதே பெயர்கள்.

பட்டர்வொர்த்திலும் பிறையிலும் கடற்படையில் வேலை செய்து ஓய்வு பெற்ற நம்மவர்களின் குடும்பங்கள் உண்டு. அப்பாவின் நினைவு நாளுக்கு அவர் இருந்த கப்பலின் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்ட ஆசைப்படுவார்கள். கையில் இருப்பது ஒரு பழைய படமும் ஒரு தொப்பியும். தொப்பியைச் சுற்றிய கறுப்பு நாடாவில் தங்க நூலில் "கேடி ஜெராய்" என்று இருக்கும். கேட்ட இடத்தில் "ஜெராய்" என்று தேடி, தெளிவாக இருக்கிறதென்று 12-ம் எண் கப்பலின் வண்ணப் படத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா 1972-ல் பணியில் இருந்தவர். அந்த வருடம் இந்தக் கப்பல் உலகத்திலேயே இல்லை. வீட்டில் விளக்கேற்றும் படத்துக்குப் பக்கத்தில் அவர் கால் வைக்காத கப்பல் தொங்குகிறது. தெரிந்தும் சொல்ல முடியாமல், சொல்லாமலும் இருக்க முடியாமல் தவிக்க வேண்டியதாகிறது. நாடாவில் எண் இல்லை, ஆண்டு இல்லை என்பதை முதலிலேயே யோசித்திருந்தால் போதும்.

அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் கப்பல் பெயரைக் கேட்பதற்கு முன், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பணியில் இருந்தார் என்று கேளுங்கள். பணி விலகல் ஆவணத்தில் அது இருக்கும். 1985-க்கு முன் என்றால் டன் வகுப்புதான். பிறகு பழைய படத்தில் கப்பலின் பின்பகுதியைப் பாருங்கள். டன் வகுப்பில் கண்ணிவெடி வாரும் வடத்தைச் சுற்றிய பெரிய உருளை பின்தளத்தில் முட்டிக்கொண்டு தெரியும். முன்பக்கத்துப் பீரங்கியை நம்பாதீர்கள். இரண்டு வகுப்பிலும் அங்கே 40 மில்லிமீட்டர் பீரங்கிதான்.

கெடா என்ற பெயர் இன்னும் சிக்கல். 1963-ல் வந்த வோஸ்பர் ரோந்துப் படகுகள் ஆறு: ஸ்ரீ கெடா, ஸ்ரீ சிலாங்கூர், ஸ்ரீ பேராக், ஸ்ரீ பகாங், ஸ்ரீ கிளந்தான், ஸ்ரீ திரெங்கானு. நீளம் 31 மீட்டர், எடை நூறு டன் அளவு. 2006 முதல் 2010 வரை சேர்ந்த ரோந்துக் கப்பல்களும் ஆறு: கெடா 171, பகாங் 172, பேராக் 173, திரெங்கானு 174, கிளந்தான் 175, சிலாங்கூர் 176. நீளம் 91 மீட்டர். அதே ஆறு மாநிலங்கள், இரண்டுமே கெடா வகுப்பு. "ஸ்ரீ" என்ற ஓர் எழுத்தை அழகுக்குச் சேர்ப்பதும் சுருக்கத்துக்காக விடுவதும் இங்கே கப்பலையே மாற்றிவிடும். போருக்கு முன்பு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடி, போரில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போன பயணிகள் கப்பலும் ஒரு கெடாதான். பினாங்குப் பெரியவர்கள் "கெடா கப்பல்" என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹங் துவாவும் இரண்டு. 1964-ல் வாங்கியது பிரிட்டிஷ் கடற்படையின் பழைய லாக் இன்ஷ் என்ற கப்பல். 1977-ல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது மெர்மெய்ட். இந்த மெர்மெய்ட் கானா நாட்டுக்காகக் கட்டத் தொடங்கிய கப்பல். அந்த நாட்டில் ஆட்சி மாறியதால் வாங்க ஆளில்லாமல் கிடந்து, பிரிட்டிஷ் கடற்படைக்குப் போய், பிறகு நம்மிடம் வந்தது. அங்கே 76, இங்கேயும் 76. இந்த ஒரு கப்பலில் பெயர் மாறியது, எண் மாறவில்லை. ரஹ்மாட் 24-க்கு முதலில் வைத்த பெயர் ஹங் ஜெபாட். 1971-ல் சேவையில் சேரும் முன்பே பெயர் மாறியது. 1999-ல் வந்த ஜெபாட் 29 அதற்கு எந்த வகையிலும் வாரிசு இல்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இந்த வரிசையில் எழுதுங்கள்: படம் எடுத்த ஆண்டு, மாதம், நாள், உடலில் எழுதிய எண், பெயர், சேவையில் சேர்ந்த ஆண்டு, எடுத்த இடம். உதாரணம்: "2023-05-24, 172, பகாங், 2006, லங்காவி". எண் தெரியாத படமானால் அந்த இடத்தில் கோடு போட்டு விடுங்கள். ஊகித்து நிரப்பக் கூடாது. காலியான கட்டத்தை யாராவது ஒருநாள் சரியாக நிரப்புவார். தவறாக நிரம்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்று தேதிகளை ஒன்றாக்குவது

தண்ணீரில் இறக்கிய நாள் வேறு, சேவையில் சேர்த்த நாள் வேறு, நாட்டுக்கு வந்து சேர்ந்த நாள் வேறு. நீர்மூழ்கிக் கப்பல் துங்கு அப்துல் ரஹ்மானை எடுத்துக்கொள்ளுங்கள்: 2007-ல் பிரான்சில் இறக்கினார்கள், 2009 ஜனவரியில் சேவையில் சேர்ந்தது, செப்டம்பரில் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. எந்தத் தேதியை எழுதினாலும் அது எந்தத் தேதி என்று பக்கத்தில் எழுத வேண்டும்.

லுமுட்டில் கட்டும் மஹாராஜா லேலா இதில் தனி. 2017 ஆகஸ்டில் பெயர் சூட்டி "இறக்கிய" விழா நடந்தது. கப்பல் உண்மையில் தண்ணீரைத் தொட்டது 2024 மே மாதம். விழாப் படத்தைப் பார்த்து 2017 முதல் மிதந்துகொண்டிருப்பதாக எழுதியவர்கள் உண்டு. சேவையில் சேரும் வரை எந்தக் கப்பலுக்கும் கேடி போடக் கூடாது.

இல்லாத ஏவுகணையை எழுதுவது

கெடா வகுப்பில் ஏவுகணைக்கு இடமும் மின்வடமும் வைத்துக் கட்டினார்கள், ஏவுகணை வைக்கவில்லை. 76 மில்லிமீட்டர் பீரங்கி முன்னால், 30 மில்லிமீட்டர் பின்னால். ஆயுதப் பட்டியலைப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதாமல், படத்தில் தெரிவதை எழுதுங்கள்.

பீரங்கியை வைத்துப் படத்தின் காலத்தைக் கண்டுபிடிக்கவும் முடியும். 1984-ல் ஜெர்மனியிலிருந்து வந்த கஸ்தூரி 25, லெக்கிர் 26 இரண்டிலும் முன்னால் பருத்த 100 மில்லிமீட்டர் பீரங்கியும் பின்னால் 57-ம் இருந்தன. 2010-களில் மேம்படுத்தியபோது 100-ஐ எடுத்துவிட்டு 57-ஐ முன்னால் கொண்டுவந்தார்கள். தேதி இல்லாத படத்தில் முன்பீரங்கி 100 என்றால் அது பழைய படம்.

வடிவமைத்த ஊரைக் கட்டிய ஊராக எழுதுவது

ஜெரோங் வகுப்புப் பீரங்கிப் படகுகள் ஆறையும், 3505 முதல் 3510 வரை, ஜெர்மனியில் கட்டியவை என்று எழுதுகிறார்கள். வடிவமைப்புத்தான் ஜெர்மனியின் லூர்சென். கட்டியது 1970-களில் இங்கே, பட்டர்வொர்த்தில், ஹோங் லியோங் லூர்சென் தளத்தில். நீரிணைக்கு எதிர்க்கரையில் நம் ஊர்த் தொழிலாளிகள் வெல்டிங் செய்து முடித்த படகுகளை வேறு நாட்டுக்கு எழுதிக் கொடுப்பது மனத்துக்கு ஆகவில்லை. லக்ஸமானா வகுப்பு நான்கும், 134 முதல் 137 வரை, இதற்கு எதிர்ப்பக்கம்: இத்தாலியில் ஈராக்குக்காகக் கட்டி, கைக்குப் போகாமல் நின்று, 1990-களில் நமக்கு வந்தவை. அதனால் கட்டிய ஆண்டுக்கும் சேவையில் சேர்ந்த ஆண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரியும். அது அச்சுப் பிழை இல்லை.

பிரிகேட்டா, கொர்வெட்டா

பிரிகேட் நடுத்தரப் போர்க்கப்பல், கொர்வெட் அதைவிடச் சிறியது. கஸ்தூரியும் லெக்கிரும் இரண்டு வகையாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. படம் எடுத்த ஆண்டில் கடற்படை எப்படி வகைப்படுத்தியதோ அப்படி எழுதுங்கள்.

காலை வெளிச்சம்

பினாங்குத் தீவில் பட்டர்வொர்த்தை நோக்கிய கரை கிழக்கைப் பார்த்தது. காலையில் வெயில் கண்ணில் அடிக்கும், கப்பல் கறுப்பு நிழலாக விழும், எண் தெரியாது. எண் வேண்டுமென்றால் பிற்பகல் மூன்றுக்கு மேல் நில்லுங்கள், அல்லது காலையில் பட்டர்வொர்த் பக்கம் போங்கள்.

தளத்தின் வாசலில் கேமரா

கூடாது. 1959-ம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டம் இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறக்கும் நாளில் போங்கள்.

திருத்தும்போது பழையதை அழிப்பது

தவறான தலைப்பைத் திருத்தினால் பழையதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு வையுங்கள். பக்கத்தில் திருத்திய தேதியும், எதைப் பார்த்துத் திருத்தினீர்கள் என்பதும் வேண்டும்: உடலில் இருந்த எண்ணா, பணி ஆவணமா, பின்தளத்து உருளையா. பழைய தலைப்போடு அந்தப் படத்தை ஏற்கெனவே எடுத்துப்போனவர் திரும்பி வந்து பார்த்தால், தன்னிடம் உள்ளது ஏன் வேறாக இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கும்.