ஹெலீனா தெருவில் மவுத் ஆர்கன்: கிங் பிஸ்கட் புளூஸ் விழாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் ஹெலீனா. 1941-இல் இந்த ஊர் வானொலியில் ‘கிங் பிஸ்கட் டைம்’ நிகழ்ச்சி தொடங்கியது. அதில் மவுத் ஆர்கன் வாசித்துத்தான் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சன் அந்த வட்டாரம் முழுக்கப் பேர் வாங்கினார். அதே பெயரில் 1986-இல் தொடங்கிய திறந்தவெளி புளூஸ் விழா அக்டோபரில் நடக்கும். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை வகை. பெரிய மேடைக்கு முன்னால் ஆற்றுக்கரை மேட்டில் உட்கார்ந்து மக்கள் கேட்பார்கள். செர்ரி தெருவில் நடைபாதைக் கலைஞர்கள் வாசிப்பார்கள். புதிதாக வாசிப்பவருக்கு ஏற்ற இடம் அந்தத் தெருதான். மேடைக் கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் உட்கார்ந்தபடி கூடவே ஊதாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காசு கொடுத்து வந்தது மேடையைக் கேட்கத்தான்.

படி 1: எந்தெந்த கீ (ஆதார சுருதி)?

10 துளை டயடானிக் (ஒரு கீயின் சுரங்களுக்கென்றே அமைந்த) மவுத் ஆர்கன் ஐந்து போதும்: ஏ, சி, டி, எஃப், ஜி. புளூஸில் பாட்டின் கீயும் கையில் இருக்கும் மவுத் ஆர்கனின் கீயும் பெரும்பாலும் வேறு வேறு. பாட்டின் கீயை ‘ச’ என்று வையுங்கள். அதன் சுத்த மத்யமம் எதுவோ, அதுதான் எடுக்க வேண்டிய மவுத் ஆர்கன். பாட்டு ஈ என்றால் ஏ, ஏ என்றால் டி, ஜி என்றால் சி, சி என்றால் எஃப், டி என்றால் ஜி. இப்படி எடுத்தால் 2-ஆம் துளையில் மூச்சை இழுக்கும்போது ‘ச’ வரும். 3-ஆம் துளையை இழுத்து பெண்ட் செய்தால், அதாவது வாயின் வடிவை மாற்றிச் சுரத்தை வளைத்து இறக்கினால், அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு இடம் கிடைக்கும். புளூஸின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மரச் சீப்பு (துளைகள் இருக்கும் நடுப்பகுதி) உள்ள கருவி எச்சில் ஈரத்தில் உப்பி உதட்டைக் கிழிக்கலாம். முதல் விழாவுக்கு ஹோனர் ஸ்பெஷல் 20 போன்ற பிளாஸ்டிக் சீப்பு உள்ளதே நல்லது.

படி 2: 12 பார் மனப்பாடம்

புளூஸ் பாட்டின் ஒரு சுற்று வழக்கமாக 12 பார். பார் என்பது தாளத்தின் ஒரு பகுதி, ஒவ்வொரு பாரும் 4 அடி. பின்னணி நிற்கும் சுரம் இப்படி மாறும்: ‘ச’ 4 பார், ‘ம’ 2, ‘ச’ 2, ‘ப’ 1, ‘ம’ 1, கடைசியில் ‘ச’ 2, திரும்பவும் முதலிலிருந்து. ‘ம’ வரும்போது 1 அல்லது 4-ஆம் துளையை ஊதலாம். ‘ப’ வரும்போது அதே துளைகளை இழுக்கலாம். வீட்டில் வாசிக்காமல் விரல் விட்டு எண்ணியே பழகுங்கள். எங்கே இருக்கிறோம் என்பது தொலைந்துவிட்டால் சரியான சுரம் தெரிந்தும் பயனில்லை.

படி 3: சேர்வதற்கு முன்

இரண்டு சுற்றாவது சும்மா நின்று கேளுங்கள். பாட்டு முடிந்ததும் கித்தார்காரரிடம் போய், சேரலாமா, என்ன கீ என்று கேளுங்கள். ஒரு சிக்கல் உண்டு: கித்தாரில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) மாட்டியிருந்தால் அவர் விரல் வடிவத்தைச் சொல்லி ‘ஜி’ என்பார். கேப்போ இரண்டாம் கட்டையில் இருந்தால் கேட்பது ஏ. சிலர் எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் இறக்கியிருப்பார்கள். அதனால் 2-ஆம் துளையை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மைனர் பாட்டு (சாதாரண காந்தாரத்தில் அமைந்தது) என்றால் இப்போதைக்குக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒருவர் மவுத் ஆர்கன் வாசிக்கிறார் என்றால் அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஊதினால் இரண்டும் கெடும்.

படி 4: எங்கே வாசிப்பது, எங்கே நிறுத்துவது

12 பாரில் வழக்கமாக மூன்று வரி, வரிக்கு 4 பார். பாடகர் முதல் இரண்டு பாரில் பாடிவிட்டு மீதியை விட்டுவைப்பார். உங்கள் இடம் அந்த இடைவெளி. பாடும்போது வாயிலிருந்து கருவியை எடுத்துவிடுங்கள். தலையசைத்துத் தனி ஆவர்த்தனம் கொடுத்தால் ஒரு சுற்று, அதாவது 12 பார், வாசித்து நிறுத்துங்கள். இன்னொரு சுற்று வேண்டுமென்றால் அவர்களே கண்ணால் சொல்வார்கள்.

திறந்தவெளியில் தன் சத்தம் தனக்கே கேட்காது. உடனே பலமாக ஊதத் தோன்றும். புதியவர்களின் ரீட் (உள்ளே அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய தகடு) போவது பெரும்பாலும் இதனால்தான். 4, 5-ஆம் துளைகளின் இழுப்பு ரீட்கள் சுருதி இறங்கி, பிறகு உடைந்தே போகும். செங்கல் சுவர் பக்கமாகத் திரும்பி நில்லுங்கள், சத்தம் திரும்பி வரும். அல்லது ஒரு கையை காதுவரை குவித்துக்கொள்ளுங்கள். மைக் கொடுத்தால் இரு கையாலும் பொத்திப் பிடிக்கலாம், ஆனால் ஸ்பீக்கரைப் பார்த்துத் திரும்பக் கூடாது, கீச்சென்று கத்தும்.

படி 5: கருவியைக் காப்பாற்ற

பார்பெக்யூவோ சோடாவோ சாப்பிட்டால் வாய் கொப்பளித்த பிறகே வாசியுங்கள். சர்க்கரை ரீட்டில் ஒட்டினால் சத்தமே வராது. பகலில் காருக்குள் வெயிலில் வைக்காதீர்கள். இரவில் குளிரும், குளிர்ந்த ரீட்டில் மூச்சு நீராகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த பாட்டுக்கு வேண்டியதை உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் துளைப் பக்கம் கீழே இருக்க உள்ளங்கையில் நாலைந்து தட்டு தட்டி, ஈரம் போன பிறகு பெட்டியில் வையுங்கள்.

காதுக்குப் பஞ்சு வேண்டாம், இசைக்கென்றே விற்கும் அடைப்பான் வாங்குங்கள். நடைபாதைக் கலைஞரின் பெட்டியில் போட டாலர் சில்லறையும் வைத்திருங்கள். அதில் விழும் காசு அவருடையது. நீங்கள் சேர்ந்து வாசித்த பாட்டுக்கு விழுந்தாலும் பங்கு கேட்பதில்லை.