கேசில்டன் கோபுரம்: மழை விட்டதும் கயிற்றைத் தூக்காதீர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்கு அருகே கேசில் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே செம்மண் சரிவின் உச்சியில், நான்கு பக்கமும் செங்குத்தாகச் சுமார் 120 மீட்டர் உயர்ந்து நிற்கிறது கேசில்டன் கோபுரம். 1961இல் லேட்டன் கோரும் ஹன்ட்லி இங்கல்ஸும் முதன்முதலில் ஏறினார்கள். எந்தப் பக்கத்திலும் நடந்து போக வழியில்லை என்பதே பாறையேறுபவர்களுக்கு அதன் கவர்ச்சி.

இங்கே மன்னிக்க முடியாத தவறு, மழை ஓய்ந்ததும் ஏறுவது. மணற்கல் என்பது ஒட்டிக்கொண்ட மணல்தான். ஒட்டவைக்கும் களிமண்ணும் சுண்ணமும் ஈரத்தில் இளகிவிடும். நேற்று ஆளைத் தாங்கிய விளிம்பு இன்று கையோடு பெயர்ந்து வரும். விழுந்தால் தாங்குவதற்காகப் பிளவில் செருகிய கருவியும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வெயிலில் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடுவதால் கண்ணை நம்பாதீர்கள். அடிவாரத்து மணலை விரலால் கிளறுங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் பாறைக்குள்ளும் ஈரம் உண்டு. ஒன்றிலிருந்து மூன்று நாள் பொறுக்க வேண்டியிருக்கும். விடுப்பு முடிகிறதே என்ற கவலை பாறைக்குக் கிடையாது. உடைந்த பிடிமானம் அடுத்து வருபவருக்கும் இல்லாமல் போகிறது.

அடுத்தது, அந்த இருவரும் முதலில் ஏறிய கோர்–இங்கல்ஸ் பாதையின் கடினத்தைக் குறிக்கும் 5.9 என்ற தர எண்ணைப் பார்த்து, உள்ளரங்கில் செயற்கைச் சுவர் ஏறிய பழக்கமே போதும் என்று நினைப்பது. மூன்றாம் கட்டத்துப் பிளவு கைமுட்டிக்குப் பெரிது, உடம்புக்குச் சிறிது. தோளையும் முழங்காலையும் நெருக்கி, அங்குலம் அங்குலமாக ஏற வேண்டும். போதாக்குறைக்கு வெள்ளைச் சுண்ணப் படிவம் பீங்கான்போல வழுக்கும். அகலப் பிளவுக்கான பெரிய கருவிகளைச் சுமைக்குப் பயந்து விட்டுவிட்டு வருபவர்கள் அங்கேதான் வருந்துகிறார்கள்.

தண்ணீரைக் கீழிருந்தே சுமக்க வேண்டும். கோடை நண்பகலில் தெற்கு முகத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வசந்தமும் இலையுதிர்காலமும்தான் ஏற்ற பருவம். நடைபாதையை விட்டு விலகிக் கறுத்த, புடைத்த மண்ணில் கால் வைக்காதீர்கள். அது நுண்ணுயிர்கள் கட்டிய மேலோடு. ஒரு மிதி ஆறப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இதில் ஏறியாயிற்று, இனி மான்யுமென்ட் பள்ளத்தாக்கில் இருக்கும் ‘டோட்டம் போல்’ (Totem Pole) என்ற பாறைத் தூணிலும் ஏறலாம் என்று கிளம்பாதீர்கள். அது நவஹோ மக்களின் நிலம். அங்கே பாறையேறத் தடை இருக்கிறது.

இறங்கும்போது அவசரம் வேண்டாம். காற்று கயிற்றைப் பிளவுக்குள் செருகிவிடும். கடைசி ஆள் இறங்குவதற்கு முன்பே கீழே நிற்பவர் கயிற்றை இழுத்து, பிறகு அதை உருவி எடுக்க முடியும்படி சிக்காமல் ஓடுகிறதா என்று சோதித்துவிட வேண்டும்.