டெனர் பாடகர் பாடற்குழுவும் நடத்தும்போது சறுக்கும் இடங்கள்

மேற்கத்திய செவ்வியல் இசையில் டெனராக, அதாவது ஆண்களின் உயர்ந்த குரலில், பாடுபவர்களில் பலர் ஒரு கட்டத்தில் பாடற்குழு நடத்தவும் வந்துவிடுகிறார்கள். தனியாகப் பாடும் வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குழு என்றால் வாராவாரம் ஒத்திகை உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு வேலைக்கும் இருப்பது ஒரே தொண்டை.

அதை அதிகம் கெடுப்பது, எல்லாவற்றையும் பாடியே காட்டும் பழக்கம். உயர்ந்த பெண்குரலான சோப்ரானோக்களுக்குக் கள்ளக்குரலில் ஒரு வரி, தாழ்ந்த ஆண்குரலான பாஸ்களுக்குத் தொண்டையை அழுத்தி இறக்கி ஒரு வரி, நடுவில் அத்தனை பேச்சுக்கும் மேலே "72ஆவது பாரிலிருந்து (தாளக் கட்டத்திலிருந்து) மறுபடி!" என்று ஒரு கத்தல். 'உச்ச சி' எனப்படும் டெனரின் உச்சஸ்தாயி ஸ்வரத்தில் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 523 முறை மோதிக்கொள்கின்றன. இரண்டு மணி நேரம் இப்படி அடிபட்டவற்றை மறுநாள் காலை அந்த வேலைக்குக் கூப்பிட்டால் எப்படி வரும்? பியானோவில் வாசித்துக் காட்டுங்கள். இல்லையா, அந்தப் பிரிவிலேயே நன்றாகப் பாடுபவரைப் பாடச் சொல்லுங்கள். குரல் கம்மிய பிறகு கிசுகிசுத்துப் பேசுவதை ஓய்வு என்று நினைக்க வேண்டாம். ஓய்வென்றால் வாயை மூடிக்கொள்வதுதான்.

அடுத்தது, டெனர் பிரிவோடு சேர்ந்து பாடிவிடுவது. டெனர்கள் எந்தக் குழுவிலும் குறைவு, அதனால் கை கொடுக்கத் தோன்றும். ஆனால் நம் குரல் எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வந்து மற்றவர்களை மறைத்துவிடும். பக்கவாத்தியமில்லாத பாட்டில் சுருதி மெல்ல மெல்ல இறங்கும். கூடவே பாடுபவரும் சேர்ந்தே இறங்குவார். முடிந்ததும் பியானோவைத் தட்டினால் அரை ஸ்வரம் கீழே! குழுவை நடத்துபவருக்குச் சம்பளம் தருவது காதால் கேட்பதற்குத்தான், பாடுவதற்கு அல்ல.

தனிப்பாடகரின் குரலில் 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு கூர்மை இருக்கும். இசைக்குழுவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசைக்கு அவர் குரல் போய்ச் சேருவது அதனால்தான். அதையே குழுவில் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்த்தால், சேர்ந்திசை நாலைந்து பேரின் போட்டியாகிவிடும். முதலில் எல்லோர் வாயிலும் 'ஆ' ஒரே 'ஆ'வாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், ஜெர்மன் டெனர் பீட்டர் ஷ்ரையரைப் பார்த்து வரும் மயக்கம். இயேசுவின் பாடுகளைச் சொல்லும், பாக் எழுதிய பேஷன்களை நடத்திக்கொண்டே அவற்றில் கதைசொல்லியான இவாஞ்சலிஸ்ட் பகுதியையும் பாடியவர் அவர். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தப் பகுதி பெரும்பாலும் பேச்சு போன்ற பாட்டு. துணைக்கு ஓரிரு கருவிகள்தான், கைதூக்கி நடத்த வேண்டிய தேவை குறைவு. போதாததற்கு, சிறுவயதிலேயே டிரெஸ்டன் க்ராய்ஸ் பாடற்குழுவில் அந்த இசையோடு வளர்ந்தவர் அவர். இதை நம்பி, பெரிய இசைக்குழுவோடு வரும் வேர்டியின் ரெக்குயமில் (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) பாடிக்கொண்டே நடத்தப் போனால் இரண்டும் கெடும்.

குரல் போனபின் நடத்தக் கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. 1935-இல் பிறந்த ஷ்ரையர், 1970 வாக்கில், குரல் உச்சத்தில் இருந்தபோதே நடத்தத் தொடங்கிவிட்டார். 2005-இல் பாடுவதை நிறுத்திய பிறகும் அவருக்கு மேடை இருந்தது.