நிற்கும்போது ஹீட் ஏறும் காருக்கு ஏசி சோதனை

நிற்கும்போது மட்டும் கார் ஹீட் ஏறினால், எஞ்சின் ஆறியதும் ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள்.

ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று இருக்கிறது. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது ஃபேன்தான் கதி. பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் அதுவும் சுற்றும். அசையவே இல்லையா? முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே (ஃபேனுக்கு கரன்ட் விடும் சின்ன சுவிட்ச்) பாருங்கள். அதே நம்பர் ரிலே பக்கத்தில் இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு மாற்றிச் செருகிப் பார்க்கலாம், காசு செலவில்லை. ஏசிக்கு மட்டும் சுற்றி, எஞ்சின் சூட்டுக்குச் சுற்றாவிட்டால் பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு இருக்காது, சூட்டை அளக்கும் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

பெல்ட்டில் சுற்றும் ஃபேன் உள்ள பழைய ஜீப்புகளுக்கு இது பொருந்தாது. மேலூர் நாலுவழிச்சாலையில் போகும்போதும் ஹீட் காட்டும் முள் ஏறினால் கூலன்ட், அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பக்கம் பாருங்கள். சூட்டோடு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.