பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தைக் குறைக்க ரோஸ்டர் எழுதும் முறை

மலேசியாவில் எங்கள் ஊர் மருத்துவமனையைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். பழக்குலை ஏற்றிய லாரிகள் ஓடும் அந்தத் தோட்டச் சாலையில், பல ஆண்டுகளுக்கு முன், 30 மணி நேரத்துக்கு மேல் ஓன் கால் (இரவும் சேர்த்துத் தொடர்ந்து பார்க்கும் பணி) பார்த்துவிட்டுக் காரோட்டி வந்த நான் கண்ணயர்ந்துவிட்டேன். எதிரே வந்த லாரியின் ஹாரன் கேட்ட பிறகே விழித்தேன். இன்று வார்டில் ரோஸ்டர், அதாவது பணி நேர அட்டவணை, போடும் பொறுப்பு என்னுடையது. அதே பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையான நேரத்தைக் கணக்கெடுங்கள். தாளில் காலை 7 மணி என்றிருக்கும். ஆனால் ரவுண்ட்ஸ் தொடங்குமுன் இரத்தம் எடுத்து, இரவில் வந்த முடிவுகளைக் குறித்து வைக்க வேண்டியிருப்பதால், பயிற்சி மருத்துவர் ஐந்தரைக்கே வார்டுக்கு வந்திருப்பார். இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொருவரும் தாம் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதட்டும். அது யாரையும் தண்டிப்பதற்காக அல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எல்லாரும் 7 என்றே எழுதுவார்கள். புதிய பிரிவில் மூத்தவருடன் சேர்ந்து நீண்ட நேரம் வேலை பழகும் டேகிங் நாள்களையும் விடாமல் சேர்க்க வேண்டும். ஈராண்டுப் பயிற்சியில் நான்கு மாதத்துக்கு ஒரு முறை பிரிவு மாறுகிறது. மாறும்போதெல்லாம் அந்த நீண்ட நாள்களும் திரும்ப வருகின்றன.

அடுத்தது வரம்பு. ஐரோப்பிய விதி வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரம் என்றும், ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் 2003 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம். நான் வார மொத்தத்தைவிட ஓய்வு இடைவெளியையே முதலில் பிடிப்பேன், ஏனெனில் அதை ரோஸ்டரைப் பார்த்த மாத்திரத்தில் சரிபார்த்துவிடலாம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடைய அளவுக்கு இறங்கிவிடுவதை 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனமோட்டிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதுவே. நோயாளிக்குக் குழாய் போடும் கைக்கு மட்டும் அது பொருந்தாது என்று எப்படிச் சொல்வது?

நேரத்தை மட்டும் வெட்டிவிட்டு வேலையை அப்படியே விட்டால், மருத்துவர் கணக்கில் காட்டாமல் அதைச் செய்துகொண்டிருப்பார். ஆகவே காலை இரத்தப் பரிசோதனைகளில் உண்மையில் தேவையானவை எவை என்று முந்தைய மாலையே நிபுணருடன் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் வார்டில் பழக்கத்துக்காக எடுக்கப்பட்டவையே பல.

ஷிப்ட் குறுகினால் நோயாளி கைமாறுவது கூடும், ஆபத்தும் அங்கேதான். அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சியாளர்களுக்கு 2011-இல் விதித்த 16 மணி நேர வரம்பு 2017-இல் மீண்டும் 24 ஆனதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். ஆனால் பாஸ் ஓவரை, அதாவது நோயாளியின் பொறுப்பை அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பதை, ஒழுங்குபடுத்திய 9 மருத்துவமனைகளில் மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடு குறைந்ததை 2014-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. “மூன்றாம் படுக்கை, டிங்கி, ஓகே” என்பது பாஸ் ஓவர் ஆகாது. தோட்டத்திலிருந்து வந்த அம்மாவுக்குக் காலையில் காய்ச்சல் விட்டது, ஆனால் ஹெமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறது, இரவு 10 மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும், மேலும் ஏறினாலோ வயிறு வலித்தாலோ மருத்துவ அதிகாரியை (எம்.ஓ.) உடனே அழைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பொறுப்பேற்பவர் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரத்தை இரண்டு ஷிப்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ரோஸ்டரிலேயே எழுதுங்கள்; எழுதாவிட்டால் அது மருத்துவரின் தூக்கத்திலிருந்து போகும்.

இரவு ஷிப்ட் முடித்தவரை ரவுண்ட்ஸுக்கு நிறுத்தாதீர்கள். தோட்டச் சாலையில் தொலைவு போக வேண்டியவருக்கு, சற்று நேரம் படுத்து எழுந்து கிளம்ப ஓன் கால் அறையில் ஒரு கட்டிலைக் காலையிலும் காலியாக வைத்திருங்கள்.